சுவரில் காத்தமுத்து

ராக்கம்மாளைப் போல ஒரு கல்நெஞ்சக்காரியைத் திண்டுக்கல் பார்த்ததே இல்லை என்று பேசிக்கொண்டார்கள்.

தோல் பதனிடும் ஷாப்பின் வெளிச்சுவருக்கு அவள் வெள்ளையடித்துக்கொண்டிருந்தாள். சுவரில் பெரிதாக ஒரு முகம் வரைந்திருந்தது. அவளுடைய சுண்ணாம்பு மட்டை அதன் மேல்தான் போய் வந்தது. அது அவள் புருஷன் காத்தமுத்துவின் முகம்.

அவன் செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தோல் ஊறப்போடும் சுண்ணாம்புக் குழியில் கால் தவறி விழுந்தவன். குழியைச் சுற்றி ஒரு தடுப்பு வையுங்கள் என்று எத்தனையோ தடவை கேட்டாகிவிட்டது. முதலாளி காதில் போட்டுக்கொள்ளவில்லை. "குடிச்சிட்டு விழுந்துட்டான்" என்று கதையை முடித்துவிட்டார். காத்தமுத்து கள்ளைக் கண்ணால்கூடப் பார்க்காதவன். தொழிலாளிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள்.

பத்து நாள் பட்டினியில் பாதிப் பேர் தளர்ந்துபோனார்கள். அப்போதுதான் சினிமா போர்டு எழுதும் ஜெகபர் அலி, யாரும் கேட்காமலே அந்தப் படத்தை எண்ணெய்ச் சாயத்தில் வரைந்தார். அதைத் தாண்டி உள்ளே போக ஒருத்தனுக்கும் கால் வரவில்லை.

முதலாளி சும்மா இருப்பாரா? அழிக்க ஆள் தேடினார். உள்ளூரில் ஒருவனும் மட்டையைத் தொடவில்லை. மதுரையிலிருந்து ஆள் வருகிறான் என்று பேச்சு வந்தது. அதற்குள் ராக்கம்மாள் தானாகப் போய் நின்றாள்.

சங்கத்துத் தலைவர் உடையப்பனுக்கு ஆறவில்லை.

"ஏத்தா, அவனைக் கொன்னதே சுண்ணாம்புதான். நீயும் அதையே தூக்கிட்டு வந்துட்டியே."

"பிள்ளைக பசிக்குதுங்குதுண்ணே," என்றாள் அவள், திரும்பாமலே.

"எங்க வீட்டுல மட்டும் வயிறு நெறஞ்சா கெடக்கு?"

அவள் மட்டையை மறுபடி சுண்ணாம்பில் முக்கினாள். பக்கத்தில் நின்ற ஜெகபர் அலி காறித் துப்பிவிட்டு நடந்தார்.

மறுநாளிலிருந்து கிணற்றடியில் அவள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். அவள் பிள்ளைகளிடம் பேசக் கூடாது என்று தங்கள் பிள்ளைகளை மிரட்டினார்கள்.

முதலாளி நினைத்தது நடந்தது. படம் போன பிறகு பிடிமானமும் போய்விட்டது. திங்கட்கிழமை முதலாளி நீட்டும் காகிதத்தில் கைநாட்டு வைத்துவிட்டு வேலைக்குப் போவதென்று இருபது பேர் முடிவு செய்தார்கள்.

"இருபது பேர் உள்ள போனா மிச்சப் பேரும் போயிருவான். அம்புட்டுத்தான் பாய்," என்றார் உடையப்பன், ஜெகபர் அலியிடம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐப்பசி மழை பிடித்து அடித்தது.

திங்கள் காலையில் வந்த இருபது பேரும் ஷாப் கேட்டுக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார்கள். சுண்ணாம்பு கரைந்து சாக்கடையில் ஓடியிருந்தது. சுவரில் காத்தமுத்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏலே, செத்தவன் திரும்பி வந்துட்டான்லே."

ஒருவரும் உள்ளே போகவில்லை. வந்த வழியே திரும்பிச் சங்கத்துக்குப் போனார்கள்.

செத்தவன் திரும்பி வருவதிலெல்லாம் ஜெகபர் அலிக்கு நம்பிக்கை இல்லை. ஓரத்தில் மிச்சமிருந்த சுண்ணாம்பை விரலால் தேய்த்துப் பார்த்தார். மாவாக உதிர்ந்தது. நேராக ராக்கம்மாள் குடிசைக்குப் போனார்.

"ஏம்மா, பசை கலக்காமலா அடிச்ச? பசையில்லாத சுண்ணாம்பு ஒரு மழைக்குத் தாங்காதே."

"தெரியும் பாய். மதுரைக்காரன் அடிச்சிருந்தா பசை போட்டுல்ல அடிச்சிருப்பான்."

அவருக்குத் துப்பியது நினைவுக்கு வந்து கூசியது.

"இப்பவே உடையப்பன்ட்டச் சொல்றேன். ஊரே உங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

"சொல்லிராதீக பாய்." அவள் மட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "மழையில போயிருச்சுன்னு மறுபடியும் வெள்ளையடிக்கக் கூப்பிட்டு விட்டிருக்காரு. ஊருக்காரவுக என்னைய ஏசுற வரைக்குந்தான் முதலாளி என்னைய நம்புவாரு."