அட்டைக்கு அடியில்

கணவர் போய்ச் சேர்ந்த ஐந்தாவது வாரம், அவர் கட்டிலுக்கு எதிரே மாட்டியிருந்த படத்தின் கண்ணாடி விரிசல் விட்டது. வெள்ளைக்காரர் காலத்தில் யாரோ ஒரு துரை நீர்வண்ணத்தில் வரைந்த கிராமத்து தேவாலயம் அது. வயது நூற்றைம்பது இருக்கும். அவள் அதைச் சட்டம் போடும் கடைக்குக் கொண்டுபோனாள்.

கடைக்காரர் படத்தைச் சுற்றியிருந்த அட்டையை எடுத்தார். அது மறைத்திருந்த அரை அங்குல ஓரத்தில் மட்டும் வண்ணம் மங்காமல் இருந்தது. அங்கே, தேவாலயத்துக்கு முதுகு காட்டி, ஓர் ஆள் பாதையில் நடந்துகொண்டிருந்தார். இடது தோள் சரிந்திருந்தது. குடையை முதுகுப்பக்கம் இரு கைகளாலும் பிடித்திருந்தார்.

“எங்க வீட்டுக்காரர்,” என்றாள். “எப்பவும் இப்படித்தான். என்னை விட்டுட்டுப் பத்தடி முன்னாடி போவார்.”

கடைக்காரர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் மேசையைத் துடைத்தார்.

“அவர் தெரியற மாதிரி அட்டையோட நடு ஓட்டையை அகலமா வெட்டிடுங்க, தம்பி.”

மறுவாரம் போனபோது பாதை காலியாக இருந்தது.

“சத்தியமா நான் தொடலக்கா,” என்று கடைக்காரர் புது அட்டையைத் தூக்கினார். அடியில் மிச்சமிருந்த கால் அங்குலத்தில், அவள் கணவர் பாதி உடம்போடு தாளின் விளிம்பைக் கடந்துகொண்டிருந்தார்.

“அப்ப அட்டையே வேண்டாம்.”

“படம் கண்ணாடியில ஒட்டிக்கும்க்கா.”

“கண்ணாடியும் வேண்டாம்.”

வெறும் தாளாக வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் விரித்தாள். ஒரு குதிகால்தான் மிச்சம் இருந்தது.

“கொஞ்சம் நில்லுங்களேன்,” என்று அதன்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். வண்ணம் ஈரமாக இருந்தது.

பொழுது சாய்ந்தது. விளக்கைப் போட வேண்டுமென்றால் விரலை எடுக்க வேண்டும். அவள் இருட்டிலேயே உட்கார்ந்திருந்தாள்.