வெளியே போனால் நொண்டல்

"உள்ளே நேரா நடக்கிறாங்க சார். வெளியே போனா நொண்டுறாங்க!"

பிசியோதெரபி பெண் இப்படிச் சொன்னதும், எலும்பு டாக்டர் வாய்க்குக் கொண்டுபோன காபியைக் கீழே வைத்துவிட்டார்.

"யாரு?"

"தபாலாபீஸ் அம்மா சார். அஞ்சு மாசம் முன்னாடி வலது இடுப்பு மூட்டை மாத்தினீங்களே, அவங்கதான்."

"சும்மா இரும்மா. போன மாசம்கூட இதே ரூம்ல நடக்கவிட்டுப் பாத்தேன். சிப்பாய் கணக்கா நடந்தாங்க."

"உங்க முன்னாடி நடப்பாங்க சார். வெளியே போகும்போது பாருங்க. டக், சர்ர்... டக், சர்ர்னு காலை இழுத்துக்கிட்டுப் போறாங்க. வாட்ச்மேன் பாத்திருக்கார். மருந்து கொடுக்கிற பொண்ணு பாத்திருக்கா. நானே ரெண்டு தடவை பாத்துட்டேன்."

டாக்டர் காபியை ஓரமாகத் தள்ளிவிட்டார். ஆஸ்பத்திரியில் அவருக்கு 'இஞ்ச் டேப்' என்று பட்டப்பெயர். வீட்டில் நாற்காலி ஆடினால்கூட நாலு காலையும் அளந்து பார்க்கிற மனுஷன். அவர் வைத்த மூட்டு நொண்டுவதாவது! ஒரு கால் குட்டையாகிவிட்டதோ? இடுப்புக்குள் மூட்டுப் பந்து உட்காரும் கிண்ணம் சாய்ந்துவிட்டதோ? இல்லை, மூட்டையே தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டோமோ?

தேர்ந்தெடுத்த நாள் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. மேஜை மேல் மூன்று மாதிரிகளை வைத்திருந்தார். உலோகப் பந்தும் பிளாஸ்டிக் கிண்ணமும் ஒன்று. பீங்கான் பந்தும் பிளாஸ்டிக் கிண்ணமும் இன்னொன்று. மூன்றாவதில் இரண்டுமே பீங்கான். வருகிறவர்கள் எல்லாரும் எத்தனை வருஷம் உழைக்கும் என்றுதான் கேட்பார்கள். இந்த அம்மா ஒவ்வொன்றையும் காதருகே வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "இதுல எது சார் சத்தம் போடும்?" என்று கேட்டார்.

"பீங்கானும் பீங்கானும் உரசினா நூத்துல ரெண்டு பேருக்குக் கீச் கீச்சுனு கேக்கும். உங்களுக்கு அந்தக் கவலையே வேண்டாம். நடுவுல இருக்கிறதை வைக்கிறேன். நீங்க வர்றது பூனைக்குக்கூடக் கேக்காது."

"நொண்டலும் போயிடுமா சார்?"

"சுத்தமாப் போயிடும்!"

"ஓ" என்றார் அந்த அம்மா. முகம் வாடிவிட்டது. ஆபரேஷன் பயம் என்று நினைத்துக்கொண்டார் டாக்டர்.

"இன்னிக்கு வந்திருக்காங்களா? உள்ளே அனுப்பு."

தபாலாபீஸ் அம்மா வந்தார். கோடு போட்டது போல் நேராகத்தான் வந்தார். படுக்க வைத்து இரண்டு கால்களையும் மூன்று தடவை அளந்தார் டாக்டர். ஒரு நூல்கூட வித்தியாசமில்லை. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிண்ணம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.

"வலி?"

"இல்லை சார்."

"மாடிப்படி?"

"ஓடியே ஏறுறேன்."

"தூக்கம்?"

"அடிச்சுப் போட்ட மாதிரி."

"நொண்டல்?"

அம்மா கொஞ்சம் தயங்கினார். "இல்லை சார்."

"அப்போ வெளியே காலை இழுத்துக்கிட்டுப் போறது யாரு, உங்க பக்கத்து வீட்டம்மாவா?"

அம்மா கையும் களவுமாக மாட்டியவர் போலத் தலையைக் குனிந்துகொண்டார். "அது... பழக்க தோஷம் சார்."

"அஞ்சு மாசமாவா? இங்கே பாருங்கம்மா, எனக்கு மனசு கேக்கலை. மறுபடி திறந்து பாத்துடறேன். திங்கக்கிழமை வந்து சேருங்க."

"ஐயையோ! இன்னொரு தடவை கத்தியா? வேண்டவே வேண்டாம் சார். கால் நல்லாத்தான் இருக்கு, சத்தியமா! வீட்டுக்காரர் வெளியே ரொம்ப நேரமா உட்கார்ந்திருக்கார், நான் வர்றேன்" என்று எழுந்து விறுவிறுவென்று போய்விட்டார்.

டாக்டர் அட்மிஷன் சீட்டை எழுதியெடுத்துக்கொண்டு கதவருகே போனார். பிசியோ பெண்ணும் கூடவே வந்து நின்றாள். இந்த வயதில் கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்ப்பது அவருக்கே வெட்கமாக இருந்தது. இருந்தாலும் பார்த்தார்.

நீளமான நடைக்கூடம். அம்மா பாதித் தூரம் ஜோராக நடந்தார். குடிதண்ணீர்க் குழாயைத் தாண்டினார். அதற்கப்புறம் வலது கால் இழுக்க ஆரம்பித்தது. டக், சர்ர். டக், சர்ர்.

"பாத்தீங்களா சார்!" என்று கிசுகிசுத்தாள் அவள்.

"பாத்துட்டேன். கொஞ்ச தூரம் நடந்ததும் கிண்ணம் நகருது போல. திறந்துதான் ஆகணும்." சீட்டைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார் டாக்டர்.

நடைக்கூடத்தின் கடைசியில் பெஞ்சு நிறையக் கூட்டம். அதன் ஓரத்தில் மடியில் பையுடன் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நர்சுகள் அவரைத் தாண்டிப் போனார்கள், நோயாளிகள் போனார்கள், தள்ளுவண்டி போனது. யாருக்கும் அவர் தலையைத் திருப்பவில்லை. டக், சர்ர் கிட்டே வந்ததும் அவர் முகம் அப்படியே மலர்ந்துபோயிற்று.

"வந்துட்டியா? எத்தனை கால் போகுது இங்கே! உன் கால் கேட்டப்புறம்தான் எனக்கு உசுரே வந்துச்சு" என்று கதவுவரை கேட்கிற குரலில் சொல்லியபடி, மடக்கி வைத்திருந்த வெள்ளைக் குச்சியை நீட்டித் தரையைத் தட்டிக்கொண்டே எழுந்தார். "உன் டாக்டர் புண்ணியவான்தான் போ. மூட்டை மாத்தினவர், எனக்காக உன் நடையை மட்டும் மாத்தாம விட்டுட்டாரே!"

டாக்டர் சீட்டை நாலாகக் கிழித்தார், அதையும் சத்தம் வராமல் கிழித்தார்.