தலையணை உறையில் இரண்டு மடிப்புகள்

மனச்சோர்வுக்கென்று என் மனைவிக்கு இரு புருவங்களுக்கும் நடுவில், தசையை அசையவிடாமல் செய்யும் ஊசியை டாக்டர் போட்டார். முகம் சுளிக்க முடியாவிட்டால் மனசும் மெல்லச் சுளிப்பை மறந்துவிடுமாம். இரண்டே வாரத்தில் நெற்றியின் இரண்டு கோடுகளும் மறைந்தன. குளிக்கும்போது பாட ஆரம்பித்தாள்.

அன்றிலிருந்து அவள் தலையணை உறையின் நடுவில் இரண்டு மடிப்புகள். நான் சலவைக்கடைக்காரன், என் இஸ்திரிப் பெட்டிக்கு மசியாத துணி கிடையாது. தேய்த்துப் போட்டாலும் மறுநாள் அதே இடத்தில் நிற்கும்.

“விடுங்க, துணிதானே!” என்று சிரித்தாள்.

நேற்று அவள் தன் தங்கை வீட்டிலேயே தங்கிவிட்டாள். காலையில் பார்த்தேன். அவள் தலையணையில் மடிப்புகள் இருந்தன. இருபுறமும், கண்கள் இருக்கும் இடத்தில், உறை நனைந்திருந்தது.

இஸ்திரிப் பெட்டியை எடுக்கவில்லை. முன்பெல்லாம் அவள் நெற்றியை நீவிவிடுவதுபோல் கட்டைவிரலால் மெல்ல நீவினேன். மடிப்புகள் கொஞ்சம் தளர்ந்தன.