வீட்டுக்கு ஒரே நம்பர்

"பொண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாயிடுச்சும்மா. ஆவணியில முகூர்த்தம். இனிமே இந்த நம்பருக்குக் கூப்பிடாதீங்க."

"சார், ஒரு நிமிஷம். நாங்க எதுக்குக் கூப்பிட்டோம்னா..."

"எல்லாம் தெரியும், வைம்மா!" பஞ்சநதம் போனை வெட்டிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

கல்யாணமாவது, முகூர்த்தமாவது! மகள் வானதிக்கு இன்னும் ஜாதகத்தைக்கூட வெளியே எடுக்கவில்லை. எம்.எஸ்சி. முடித்தவள் வேலைக்குப் போக ஆசைப்பட்டாள், அது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பூதலூரில் ஆறு ஏக்கர் நன்செய் வைத்திருக்கிற பெரிய மனிதர், வாய் கூசாமல் பொய் சொல்லிவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார்.

"யாருங்க போன்ல?" என்று கேட்டுக்கொண்டே காபியோடு வந்தாள் மனைவி கமலாம்பாள்.

"வேற யாரு? வேலைக்கு ஆள் புடிக்கிறவளுங்கதான். அந்த வேலை தேடுற ஆப்புல புதுசா ஏதோ பட்டன் வச்சிருக்கானுங்களாம். கம்பெனிக்காரி அங்க அமுக்குனா இங்க நம்ம போன் அடிக்குது. ரெண்டு மாசமா இதே ரோதனை."

ரேஷன் கார்டு, கேஸ், பயிர்க் காப்பீடு, அந்த வீட்டில் எதற்கு நம்பர் கேட்டாலும் பஞ்சநதத்தின் நம்பர்தான். போன வருஷம் மகன் தமிழரசனையும் மகளையும் அந்த ஆப்பில் பதிந்தபோதும், பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் தன் நம்பரையே போட வைத்தார். வீட்டுக்குப் பெரியவர் இருக்கும்போது பிள்ளைகளுக்குத் தனி நம்பர் எதற்காம்!

மாசி மாசம் முதன்முதலாக வந்த போன் வானதியைப் பேர் சொல்லித்தான் கேட்டது. பேசியது ஒரு பெண். அன்றோடு ஐயா ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்: பெண் குரல் கேட்டால் அது பெண்ணுக்கு வந்த வேலை. அதற்குப் பிறகு அவர் பேரைக் கேட்டதும் இல்லை, எதிரில் பேசுகிறவளைச் சொல்ல விட்டதும் இல்லை. அடேயப்பா, என்ன மூளை!

"பாவங்க அவ. ஒரு எடத்துக்காவது அனுப்பிப் பாக்கலாம்ல?" என்றாள் கமலாம்பாள்.

"நீ சும்மா கெட. ஆரம்பத்துல தெனம் சாயங்காலம் 'போன் வந்துச்சாப்பா, போன் வந்துச்சாப்பா'ன்னு நச்சரிப்பா. இப்ப வாயத் தொறக்குறாளா? அடங்கிட்டா. இன்னும் நாலு மாசம் போனா நம்ம சொல்ற மாப்பிள்ளைக்குக் கழுத்த நீட்டுவா."

வாசலில் பைக் வந்து நின்றது. தமிழரசன் உள்ளே வந்தான். இஞ்சினியரிங் முடித்து இரண்டு வருஷமாக வீட்டில் இருப்பவன். செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டான்.

"அப்பா, எனக்கு ஏதாச்சும் போன் வந்துச்சா?"

"வந்தா சொல்லமாட்டேனாடா? ஒனக்குன்னா பெரிய கம்பெனிலேர்ந்து மேனேஜரே பேசுவாரு. பொறுமையா இரு."

"இனிமே பொறுமையா இருந்து என்னப்பா பண்றது?" தமிழரசன் பைக் சாவியை வீசி எறிந்தான். "திருத்துறைப்பூண்டிலேர்ந்து மேகலாவோட மாமா பேசுனாரு. ஆனி முடியுறதுக்குள்ள வேலைன்னு ஒண்ணக் காட்டுங்க, இல்லேன்னா வேற எடம் பாக்குறோம்னு அன்னிக்கே சொன்னாங்கல்ல? நேத்தோட ஆனி முடிஞ்சிருச்சு. வேற எடத்துல பேசி முடிச்சுட்டாங்களாம்."

பெண் பார்த்துவிட்டு வந்ததிலிருந்தே மேகலாவை அவனுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. பஞ்சநதத்துக்கே ஒரு கணம் காபி இறங்கவில்லை. பிறகு வழக்கம்போல் ஊரான் மேல் பழியைப் போட்டார்.

"ஒனக்கு வேலை குடுக்கக் கொடுத்து வைக்காத பயலுவ! ஒருத்தனாச்சும் கூப்பிட்டானா பாரு!"

அப்போதுதான் வானதி தோளில் பையை மாட்டிக்கொண்டு உள்ளறையிலிருந்து வந்தாள். அம்மாவின் காலில் விழுந்து எழுந்தாள். பஞ்சநதம் ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்க கெளம்பிட்ட?"

"தஞ்சாவூருக்குப்பா. ஒரு லேப்ல வேலை கெடச்சிருக்கு. இன்னிக்குச் சேரணும். பத்து மணிக்கு அங்க இருக்கணும்."

அவள் நீட்டிய ஆர்டரை அவர் வாங்கவில்லை. எகத்தாளமாகச் சிரித்தார்.

"யாருகிட்ட கதை விடுற? எந்தக் கம்பெனிக்காரி கூப்பிட்டாலும் என் போன்தான் அடிக்கணும். இந்த ரெண்டு மாசத்துல வந்தது மொத்தம் பதினோரு போனு. பதினொண்ணையும் பொண்ணுக்குக் கல்யாணம்னு சொல்லி நான்தான்டி வெட்டிவிட்டேன்! அப்புறம் உன்ன எவ கூப்பிட்டா?"

கமலாம்பாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "பாவி மனுஷா, பெத்த பொண்ணுக்கு வந்த வேலையவா?" என்று கத்தினாள். தங்கைக்காகத் தமிழரசனுக்கும் கோபம் வந்தது. "என்னப்பா இது அநியாயம்!" என்றான்.

வானதி கோபப்படவில்லை. அப்பாவைப் பார்க்கக்கூட இல்லை. அண்ணனைத்தான் பார்த்தாள், கண் கலங்கிவிட்டது.

"அந்த ஆப்புல என் பேருக்கு உங்க நம்பரத் தூக்கிட்டு, என் நம்பரப் போட்டு நாலு மாசம் ஆச்சுப்பா."