கறுப்புக் காரின் உறுமல்

"பொம்மைப் படத்துக்குச் சத்தம் சேர்க்கிறதெல்லாம் ஒரு உத்தியோகமா?" என்று இரண்டு வருடமாகக் கேட்டுவந்த மாமனார், மருமகன் ஒலி அமைத்த அனிமே கார் பந்தயப் படத்தை அன்றுதான் பார்த்தார். மாமியார், மகளோடு எல்லோரும் தியேட்டரை விட்டு வெளியே வந்ததும் மருமகன் மாமனாரின் முகத்தையே பார்த்தார்.

"கதை சரியில்ல மாப்பிள்ளை. பையன் அப்பனை எதிர்த்துட்டு வீட்டை விட்டு ஓடுறான், ஜெயிக்கிறான், கடைசியில கட்டிப்பிடிச்சு அழறாங்க. நம்ம குடும்பத்துல ஒருத்தன் இப்படி ஓடியிருந்தா, திரும்ப வாசப்படி மிதிச்சிருப்பானா?"

"மிதிச்சிருக்க மாட்டான் மாமா."

"ஆனா வரைஞ்ச கைக்குத் தங்கக் காப்பு போடணும். மலை வளைவுல கார் திரும்பினப்போ நானே பக்கத்து சீட்டுக்காரர் மேல சாஞ்சுட்டேன்."

"சத்தம் எப்படிப்பா?" என்று மகள் கேட்டாள்.

"மத்த காரெல்லாம் ஆட்டுக்குட்டி. அந்தக் கறுப்புக் கார் உறுமுச்சே, அதுதான் கம்பீரம். படமே அதுலதான் நிக்குது. எந்தக் கார்ல போய்ப் பிடிச்சீங்க மாப்பிள்ளை?"

மருமகன் தரையைப் பார்த்தார். "அது காரே இல்லைங்க மாமா. போன மாசம் எங்க வீட்டுல தங்கியிருந்தப்போ, மத்தியானம் தூங்கினீங்கல்ல... தலைமாட்டுல மைக் வச்சேன்."

மாமனாரின் முதுகு விறைத்தது. "எங்க பரம்பரையிலேயே குறட்டை கிடையாது."

"முப்பது வருஷமா நான் சொன்னேன், நம்பல. இப்ப ஊரே டிக்கெட் எடுத்துக் கேக்குது" என்றார் மாமியார்.

வண்டி நிறுத்துமிடம் வரை மாமனார் விறுவிறுவென்று முன்னால் நடந்தார். அங்கே மருமகனின் தோளைத் தொட்டார்.

"இரண்டாம் பாகம் எடுத்தா முன்கூட்டியே சொல்லிடுங்க மாப்பிள்ளை. ஒரு பிடி கூடச் சாப்பிட்டுட்டுப் படுக்கிறேன்."