ஈர மஞ்சள்

பார்சிலோனா மீன்துறையில் காலை வெயில் சுள்ளென்று ஏறுகிறது. பாரிஸில் ஓவியம் படித்துத் திரும்பிய ஒலெகெர், மீன்பெட்டிகளை அடுக்கி மேலே நின்றுகொண்டு துறைமுகத்தை வரைகிறான். முக்கோணமும் கட்டமுமாக, கண்ணாடிச் சில்லுகளை அள்ளிக் கொட்டினாற்போல் இருக்கிறது. கீழே உட்கார்ந்து வலை தைக்கிற நாங்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறோம். "ஏம்ப்பா, துறைமுகம்னு சொல்லிட்டு விறகுக்கடையை வரைஞ்சு வச்சிருக்கே?" "பாரிஸ்ல இப்ப இப்படித்தான்க்கா." ரெமேய் மட்டும் சிரிக்கவில்லை. புயலுக்குத் தப்பி எல்லாப் படகும் நேற்றே வந்துவிட்டன, அவள் புருஷனுடையதைத் தவிர. அவள் பார்வை படத்தில் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. பாய்மரங்களுக்கு நடுவே விரலகலத்துக்கு ஒரு மஞ்சள் சில்லு, ஓரத்தில் நீலக் கோடு. இங்கே வீட்டுக்கொரு நிறம் படகுக்குப் பூசுவோம்; நீல ஓரம் வைத்த மஞ்சள் ரெமேய் வீட்டுடையது. துணுக்குத் தெரிந்தாலே யாருடையதென்று கரையிலிருந்து சொல்லிவிடுவோம். பெட்டிமேல் தாவி ஏறுகிறாள். "இதை எப்பப்பா பார்த்தே?" "இப்பத்தான்க்கா, அந்தப் பாய்மர இடுக்குல தெரிஞ்சுது." ரெமேய் தொட்டுப் பார்க்கிறாள். விரலில் மஞ்சள் ஒட்டிக்கொள்கிறது. "ஈரம்டீ! இன்னும் காயலை!" என்று கத்தியபடி, அந்த விரலை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, துறை முனைக்கு ஓடுகிறாள்.