மூன்றாவது முறை

பிரபாவின் நிச்சயதார்த்தம். உத்திரமேரூர் மண்டபத்தின் மின்விசிறிக் காற்றில் தாம்பூலத் தட்டின் வெற்றிலை நுனிகள் துடிக்கின்றன. தட்டு மாற்றுமுன் பெண்ணைப் பெற்றவர் சபையறிய மூன்று முறை சொல்லவேண்டும்: "எங்க பொண்ணு இனிமே உங்க வூட்டுப் பொண்ணு." பிரபாவின் அப்பா முத்துகிருஷ்ணன் முதல் முறை சொல்லும்போதே கீழ்ப் பல்செட் எழும்பி 'டக்' என்கிறது. புற்றுநோய்க்காகத் தாடையில் பாதியை எடுத்து, கதிர்வீச்சில் எச்சிலும் வற்றிப்போன வாயில் அது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் பல் கட்டிக்கொண்டார். பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றுகிறார்கள். இரண்டாம் முறை பல்செட் நாக்கின்மேல் சரிய, 'பொண்ணு' வெறும் காற்றாகப் போகிறது. தம்பி தமிழரசன் காதருகே குனிகிறான். "நான் சொல்றேன் அண்ணாத்தே." "ஏன், நான் இன்னா செத்தா பூட்டேன்?" சம்பந்தி சிரித்தபடி தட்டுக்குக் கை நீட்டுகிறார். "போதும் சம்மந்தி, எங்களுக்குக் கேட்டுச்சி." அந்தக் கனிவுதான் முத்துகிருஷ்ணனைச் சுடுகிறது. ஒரு கையால் தட்டை இறுக்கிக்கொண்டு, மறு கையால் பல்செட்டைக் கழற்றித் துண்டின் முனையில் முடிகிறார். கன்னம் குழிந்து உள்ளே போகிறது. மணையில் இருக்கும் பிரபா தலையை நிமிர்த்தி அப்பாவையே பார்க்கிறாள். "இன்னும் ஒரு வாட்டி கீது," என்று தட்டைத் தன் மார்போடு இழுத்துக்கொள்கிறார்.